கர்ப்பப்பையை எடுத்தால் சினைப்பையையும் எடுக்கணுமா?

அக்கா தங்கச்சிகளுக்கு வணக்கம். நகரி, புத்தூர், ஏகாம்பரகுப்பம் என்று பல ஊரிலிருந்தும் தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறீர்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

2015-16 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குள் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு 3 பேர். நம் ஆந்திராவில் கிட்டத்தட்ட 9 பேர். அதிலும் என்னை உறுத்துவது, "பிள்ளை பெத்தாச்சு, சினைப்பையும் எதுக்கு?" என்று அதையும் சேர்த்து எடுத்துவிடுவதுதான்.

கர்ப்பப்பை வேறு, சினைப்பை வேறு. கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சினைப்பை, பாதாம் பருப்பு மாதிரி, சுமார் 3 செ.மீ. நீளம். ஓரத்தில் முட்டைகள், நடுவில் ரத்தக்குழாய்கள். நீங்கள் உங்கள் அம்மா வயிற்றில் ஐந்து மாதச் சிசுவாக இருந்தபோது அதில் 60, 70 லட்சம் முட்டைகள். பிறக்கும்போது 10, 20 லட்சம். வயசுக்கு வரும்போது 3, 4 லட்சம். அதில் வெடித்து வெளியே வருவது 400, 500தான். உங்கள் பிள்ளையாகப் பிறந்த முட்டை, உங்கள் அம்மா உங்களைச் சுமந்தபோதே உருவாகிவிட்டது! எத்தனை முறை சொன்னாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இன்னொன்று. சினைப்பை உருவாவது இடுப்பில் அல்ல, மேலே சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். அப்புறம்தான் கீழே இறங்குகிறது. ஆனால் அதன் முக்கிய ரத்தக்குழாய் இன்றும் மேலே, இதயத்திலிருந்து வரும் பெரிய குழாயிலிருந்தே வருகிறது. அதனால்தான் கர்ப்பப்பையை எடுத்த பிறகும் சினைப்பை உயிரோடு இருந்து வேலை செய்யும். மாதவிலக்கு வராது, ஆனால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சுரக்கும். எலும்புக்கும் இதயத்துக்கும் அது வேண்டும். நம் நாட்டில் இயல்பாக மாதவிலக்கு நிற்பது 46, 47 வயதில். 35 வயதிலேயே இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டால் அந்தச் சுரப்பு ஒரே நாளில் நின்றுபோகும்: உடம்பு தகிக்கும், தூக்கம் போகும், எலும்பு தேயும்.

புற்றுநோய் என்றாலோ, குடும்பத்தில் அந்த நோய் வழிவழியாக வந்தாலோ எடுக்க வேண்டியிருக்கலாம். ஸ்கேனில் சின்ன நீர்க்கட்டி தெரிந்தது என்பதற்காக வேண்டாம். பலருக்கு இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே கரைந்துவிடும்.

ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். 'பி.எஸ்.ஓ.' (BSO) என்று இருந்தால் இரண்டு சினைப்பையும் கருக்குழாயோடு போய்விட்டன என்று அர்த்தம். 45 வயதுக்குள் அப்படி ஆகியிருந்தால் ஹார்மோன் மாத்திரை பற்றி மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். சீட்டைக் கையோடு கொண்டு வந்தவர்கள் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் காட்டுங்கள், படித்துச் சொல்கிறேன்.