ஒன்பது துண்டும் ஒரு பீலியும்

வணக்கம் நேயர்களே. என் சட்டைப்பையில் ஒரு பேனா இருக்கிறது. ரேடியோவில் அதைக் காட்ட வழியில்லை, நான் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும். தேயிலைக் கட்டையில் கடைந்த பேனா. வெளிச்சத்தில் பிடித்தால் ஜன்னல் கம்பி அதில் வளைந்து தெரியும். நிகழ்ச்சி நடத்தும் தங்கச்சி கொஞ்சம் முன்னால் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன வார்னிஷ் அண்ணன் இது?" என்று கேட்டார். வார்னிஷ் அடிக்கவில்லை. மேலே சுப்பர் குளூவை மெல்லிசாக எட்டுப் பூச்சு பூசி, அதைத் தேய்த்துத் தேய்த்து எடுத்த பளபளப்பு. எதனால் தேய்த்தேன், அந்தப் பொருளை எப்படிக் கழுவி வைக்கிறேன் என்பதுதான் இன்றைய பேச்சு. தேய்ப்பதை எல்லோரும் சொல்லித் தருவார்கள். கழுவுவதைச் சொல்லித் தர எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால் அதில்தான் அதிக நேரம் எடுக்கப்போகிறேன்.

முதலில் மரம், இரண்டே வார்த்தை. தோட்டங்களில் பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு, தண்டிலிருந்து வளர்த்த வீபி கன்று நடும்போது கட்டை கட்டையாக வெளியே வரும். நம் வீடுகளில் அது, வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சியான மிலாறோடு சேர்ந்து அடுப்புக்குப் போகும். விட்டிருந்தால் மரமாக வளர்ந்திருக்கும் செடி அது. வருஷக்கணக்காகக் கவ்வாத்து வெட்டி இடுப்பளவிலேயே நிறுத்தி வைத்ததால், அடிக்கட்டை மட்டும் தடித்து முறுக்கிக்கொண்டு கிடக்கும். அந்த முறுக்குதான் பேனாவில் அழகு. மெதுவாகக் காய வேண்டும், அவசரப்பட்டால் வெடித்துவிடும். சரி, மரத்துக்கு இன்னொரு நாள் கூப்பிடுங்கள், வருகிறேன்.

கடைந்து முடித்ததும் ஹார்ட்வெயார் கடைச் சாண்ட்பேப்பரில் 400 என்ற எண் வரை தேய்க்கலாம், எண் ஏற ஏறத் தாள் நுண்ணியதாகும். அதற்குப் பிறகு வேறு சாமான் வேண்டும். நான் வைத்திருப்பது மைக்ரோ மெஷ். இரண்டு அங்குலச் சதுரம், கிரீம் கிராக்கர் பிஸ்கட்டை விடக் கொஞ்சம் சின்னது. நடுவில் ஸ்பொன்ஜ், இரண்டு பக்கமும் தேய்க்கும் துணி. இதைத் தமிழில் அட்டை என்று சொல்லலாம்தான். ஆனால் மலைநாட்டில் அட்டை என்றால் மழை நாளில் காலில் ஏறுகிறதுதான் ஞாபகம் வரும். துண்டு என்றே சொல்கிறேன். ஒரு செட்டில் ஒன்பது துண்டு: 1500, 1800, 2400, 3200, 3600, 4000, 6000, 8000, 12000. விமானத்தின் அக்ரிலிக், அதாவது கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஜன்னலில் விழும் கீறலை எடுக்கப் பயன்பட்ட பொருள் இது.

எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். இந்த 1500, கடைச் சாண்ட்பேப்பரின் 1500 இல்லை. ஏறக்குறைய அந்த 400-க்குச் சமம். மைக்ரோ மெஷ்ஷுக்கு அதன் சொந்தக் கணக்கு. 1500 துண்டில் இருக்கும் மணி, அதாவது தேய்க்கும் துகள், சுமார் 30 மைக்ரோன் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன்), கடைசியில் வரும் 12000-இல் சுமார் 2 மைக்ரோன். இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கழுவும்போது தேவைப்படும்.

சாதாரண சாண்ட்பேப்பரில் மணிகள் பசையில் இறுகி நிற்கும். கொஞ்சம் உயரமாக நிற்கிற மணி ஆழமாக உழுதுவிடும். இந்தத் துண்டில் மணிகள் மெத்தை மாதிரியான ஒரு படலத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அழுத்தினால் உயர்ந்தவை உள்ளே போய், எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். கீறல் ஒரே சீராக விழும். அதனால் பலம் போடத் தேவையில்லை. கொழுந்து கிள்ளுகிற விரலுக்கு எவ்வளவு பலமோ அவ்வளவு போதும்.

ஒரு கிண்ணத்தில் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. துண்டை நனைத்துப் பிழிந்துவிட்டு, கடைசல் இயந்திரத்தை மெதுவான ஓட்டத்தில் வைத்துத் தேய்க்க வேண்டும். பால் மாதிரி ஒரு குழம்பு வரும். விரலில் சூடு தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். அக்ரிலிக்கில் கடைந்த பேனா ஆனாலும் மரத்தின் மேல் பூசிய குளூ ஆனாலும் சூட்டில் இளகிவிடும். இயந்திரத்தின் அடித்தளத்தை ஒரு பொலித்தீனால் மூடிவிட்டுத்தான் தண்ணீரைத் தொட வேண்டும். இல்லையென்றால் நம் ஈரக் காற்றுக்கு நாலு நாளில் துரு. ஓடுகிற பேனாவைத் துணியால் துடைக்கவே கூடாது. துணி சுற்றிக்கொண்டால் விரலையும் சேர்த்து இழுக்கும். கிழியக்கூடிய சமையலறைக் கடதாசிதான் நல்லது.

அப்புறம் ஒரு சின்ன வித்தை. ஒவ்வோர் எண் முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அதே துண்டால் பேனாவின் நீளவாக்கில் மேலும் கீழும் தேய்க்க வேண்டும். சுற்றிவரும்போது விழுந்த வட்டக் கோடுகள் மறைந்து நீளக் கோடுகள் மட்டும் தெரிந்தால், அந்த எண்ணின் வேலை முடிந்தது. வட்டக் கோடு ஒன்று மிச்சமிருந்தாலும் அடுத்த துண்டு அதை எடுக்காது, பளபளப்பாக்கித்தான் வைக்கும்.

மரத்தில் ஒரு எச்சரிக்கை. குளூ பூசிய பேனாவானாலும் இரண்டு முனையும் வெறும் மரமாக இருந்தால் தண்ணீர் அந்த வழியாக உள்ளே ஏறி, பூச்சுக்கு அடியில் வெளிறிப்போகும். முனைக்கும் குளூ தொட்டு அடைத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் குளூவே சில நேரம் வெள்ளை படிந்து காயும். காற்றில் ஈரம் அதிகம் என்பதுதான் காரணம், குளூவைக் குறை சொல்ல வேண்டாம்.

இனிக் கழுவும் கதை. ஓய்வு பெறும் ஒரு பாடசாலை அதிபருக்குக் கொடுக்கவென்று கறுப்பு அக்ரிலிக்கில் ஒரு பேனா கேட்டிருந்தார்கள். முதல் நாள் இரவு நல்ல மழை. காலையில் ஒன்பது துண்டையும் ஒரே வாளியில் போட்டு, லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில் மலைத் தண்ணீர் வந்து விழும் பீலியில் தண்ணீர் பிடித்து, துணி துவைப்பது போல ஒன்றாகக் கசக்கிக் கழுவினேன். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தன. பேனாவைத் தேய்த்து 12000 வரை போய், மினுமினு என்றிருக்கிறதே என்று ஜன்னலோரம் கொண்டுபோனால், மயிரிழை மயிரிழையாக வட்டக் கோடுகள். திரும்ப 1500-லிருந்து தொடங்கினேன். அதே கோடு. மூன்று தடவை. துண்டுகள் தேய்ந்துவிட்டன என்று முடிவு கட்டி, புது செட்டுக்குக் காசும் செலவழித்தேன்.

பழைய துண்டுகளில் ஒரு பிழையும் இருக்கவில்லை. வாளிதான் பிழை. 1500-இலிருந்து உதிர்ந்த 30 மைக்ரோன் மணி ஒன்று 12000-இன் மேல் ஒட்டிக்கொண்டால், தன்னைச் சுற்றியிருக்கும் மணிகளைப் போல 15 மடங்கு பெரிய கல் அங்கே உட்கார்ந்திருக்கிறது. போதாததற்கு அன்று மழையில் கலங்கிய பீலித் தண்ணீர். நம் மலைப் பாறை கரைந்து வரும் மணலில் குவார்ட்ஸ் இருக்கிறது. அக்ரிலிக்குக்கு அது கத்தி.

இப்போது என் வீட்டு முறை இதுதான். ஒவ்வொரு துண்டையும் தனியாக, நுண்ணியதிலிருந்து தொடங்கிக் கரடானது வரை, தலைகீழ் வரிசையில் கழுவுகிறேன். ஓடும் தண்ணீரில் பிடித்து, சோப்பு ஒரு சொட்டு விட்டு, விரலாலேயே தேய்ப்பேன். குழம்பு காய்ந்து பிடித்துப்போயிருந்தால் மென்மையான பழைய பல் தூரிகை, அதுவும் நுண்ணிய மூன்றுக்குத் தனித் தூரிகை. ஸ்பொன்ஜைப் பிழிந்து பிழிந்து தெளிந்த தண்ணீர் வரும்வரை விட மாட்டேன், ஏனென்றால் மேலே சுத்தமாகத் தெரிந்தாலும் அழுக்கு நடுவில்தான் ஒளிந்திருக்கும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று உரசிக் கழுவுகிறவர்கள் உண்டு. ஒரே எண்ணாக இருந்தால் சரி. வேறு வேறு எண்ணை உரசினால் என் வாளிக் கதைதான்.

மழை பெய்த மறுநாள் பீலித் தண்ணீரை நேரே எடுப்பதில்லை. இரவே பிடித்து வைத்து, தெளிந்த மேல்தண்ணீரை மட்டும் மொண்டு கழுவுவேன். மற்ற நாளில் நமக்கு அதிர்ஷ்டம்தான். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல் கிணற்றுத் தண்ணீர் போல இது காய்ந்ததும் வெள்ளை படியாது.

இரவு முழுக்க ஊறப்போட வேண்டாம், துணி ஸ்பொன்ஜை விட்டு உரிந்து வரும். நெயில் பொலிஷ் அழிக்கும் அசிட்டோன் பக்கமே போக வேண்டாம். நிறத்தை நம்பியும் இருக்க வேண்டாம். புதிதில் நிறம் பளிச்சென்று தெரியும், கறுப்புக் குழம்பில் பத்துத் தடவை குளித்தபின் எது 4000 எது 6000 என்று கடவுளுக்குத்தான் தெரியும். வாங்கிய அன்றே ஓரத்து ஸ்பொன்ஜில் மார்க்கர் பேனாவால் எண்ணை எழுதிவிடுங்கள்.

காயவைப்பதுதான் நமக்குப் பெரிய பாடு. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜூன், ஜூலையில் சட்டையே காயாது, ஸ்பொன்ஜ் எங்கே காயும்? வீட்டுக்காரி ஒரு நாள் நல்ல மனதோடு அடுப்புக்கு மேல் தட்டில் அடுக்கி வைத்தார். சூட்டில் எல்லாம் அப்பளமாகச் சுருண்டுவிட்டன. இப்போது பழைய துணியில் வைத்து ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, கொடிக் கம்பியில் கிளிப் போட்டுக் காற்றில் தொங்கவிடுகிறேன். ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும்.

பூச்சில்லாத மரத்தை உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும், தண்ணீர் பட்டால் நார் எழும்பும். உலர்ந்த தூள் அடைத்த துண்டுக்கு ஒரு துண்டு கிரேப் ரப்பர் போதும். கேகாலைப் பக்கம் இறப்பர் தோட்டத்தில் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அழிரப்பர் மாதிரி உரசினால் தூளைக் கவ்வி எடுத்துவிடும். கறுப்பு மரம் தேய்த்த துண்டால் பலாவைத் தேய்த்து அதன் மஞ்சளை அழுக்காக்கிவிடாதீர்கள். செட் வாங்க வசதியில்லாத தம்பிமார் ஒரு துண்டை நாலாக வெட்டிப் பகிர்ந்துகொள்ளலாம். பேனாவுக்கு அந்த அளவே போதும். அந்தக் காலத்தில் மரத்தையும் தந்தத்தையும் பராய் இலையால் தேய்த்தார்கள். சொரசொரப்பான இலை, வேலை முடிந்ததும் எறிந்துவிடலாம். கழுவுகிற தொல்லையே கிடையாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கச்சி கையைக் காட்டுகிறார், நேரமாகிவிட்டதாம். இந்தப் பேனாவை அவரிடமே கொடுத்துவிட்டுப் போகிறேன். கிளிப்புக்குக் கீழே ஒரு வட்டக் கோடு இருக்கிறது, தங்கச்சி. 2400-இல் நீளவாக்கில் தேய்க்காமல் விட்டது.