வாசல் சாவி

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டராக இருந்தவன் நான். ஒரு புரட்டாசிக் கடைசியில், ஒரே தெருவிலிருந்து நாலு பிள்ளைகள் காய்ச்சலோடு வந்தார்கள். நாலும் டெங்கு. நீராகாரம் கொடுக்கச் சொன்னேன், தட்டணுக்களை எண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், தேறிவிட்டார்கள். மறுவாரம் அதே தெருவிலிருந்து ஐந்தாவது பிள்ளை.

"எல்லா வீடும் பார்த்தாச்சு சார். அந்தப் பெரிய வீடு மட்டும் பூட்டிக் கிடக்கு" என்றார் சுகாதார ஆய்வாளர்.

செட்டிநாட்டில் பூட்டிய வீடு என்றால் உங்களுக்கே தெரியும். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு இன்னொரு தெருவில். ஏழெட்டுப் புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, அதில் பங்கு. ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். அலைந்து சாவி வாங்கி உள்ளே போனோம். முற்றத்து மூலையில், மழைத்தண்ணீர் பிடிக்க என்றோ வைத்த பித்தளை அண்டா. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. டார்ச் அடித்ததும் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டு அடிக்கு இறங்கின. டெங்குக் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது, இப்படித் தேங்கிய நல்ல தண்ணீர்தான் வேண்டும்.

அண்டாவைக் கவிழ்த்தோம். ஆனால் ஊரில் பூட்டிய வீடு அது ஒன்றுதானா?

பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கம் வீட்டோடு நிற்கவில்லை. 1954-இல் அடையாற்றில் மருத்துவமனையாக எழுந்தது. எனக்கு அவ்வளவு பெரிய மேடை கிடையாது. நவம்பர் 1 கிராம சபை இருந்தது, போனேன்.

பிள்ளைகள் பெயரைச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. தெருக்கணக்கை மட்டும் வாசித்தேன். 'விழிப்புணர்வு' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கே கொட்டாவி வரும். ஆகவே ஒன்றே ஒன்று கேட்டேன். பூட்டிய வீட்டுச் சாவி உள்ளூரில் ஒருவரிடம் இருக்கட்டும், வாரம் ஒருமுறை திறந்து பார்ப்போம். முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள்தான்.

"வெள்ளிச் சாமானெல்லாம் உள்ளே இருக்கு டாக்டரய்யா. யாரை நம்பிச் சாவி கொடுக்கிறது?" என்று ஒரு பெரியவர் எழுந்தார். கொசு ஒழிப்புக்கு 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே இடம் உண்டு. அதை நான் எடுக்கவில்லை. அவர் பயம் நியாயமானது.

பின்வரிசையிலிருந்து ஓர் ஆச்சிதான் முடிச்சை அவிழ்த்தார்: "அறைச் சாவி அவுகவுககிட்டயே இருக்கட்டும். வாசல் சாவி போதுமே, அண்டா முற்றத்துலதானே கிடக்கு!"

அடுத்த வாரத்துக்குள் ஒன்பது வாசல் சாவி வந்து சேர்ந்தது.