பொன்னை உருக்கிய ஆயர்

அன்பான பங்கு மக்களே, பீடப் பணி செய்யும் தம்பி தங்கைகளே,

பீடத்துக்குப் பூ வைப்பவர்களும், துணி துவைப்பவர்களும், கிண்ணம் துலக்குபவர்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்றைக்குப் பேச்சு முக்கியமாக உங்களோடுதான். மற்றவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம், வீட்டுக்கும் வருவேன்.

தொழுவத்தில் பிறந்து, தச்சர் வீட்டில் வளர்ந்தவருக்குப் பொன்முலாம் பூசிய கிண்ணம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 4ஆம் நூற்றாண்டிலேயே அந்தியோக்கியாவில் புனித யோவான் கிறிசோஸ்தோம் இதைவிடக் காரமாகக் கேட்டுவிட்டார். பீடத்தில் பொற்கிண்ணங்கள் நிறைந்திருக்க, ஏழையின் உருவில் கிறிஸ்து பசியால் சாகிறார் என்றால் அதனால் என்ன பயன் என்று மக்களைப் பார்த்தே கேட்டார்.

அதே நூற்றாண்டில் மிலான் நகரின் ஆயர் (பிஷப்) புனித அம்புரோசியார் அதைச் செய்தே காட்டினார். 378இல் அதிரியானோப்பிள் போரில் உரோமைப் படை கோத்தியர் என்ற இனத்தாரிடம் தோற்றது. அந்தப் போர்க்காலத்தில் சிறைபிடிக்கப்பட்டவர்களை மீட்கப் பணம் வேண்டியிருந்தது. ஆயர் கோவில் பாத்திரங்களை உருக்கினார். கிறிஸ்து தந்தைக்கு இணையான கடவுள் அல்ல என்று சொன்ன ஆரியுஸ் கொள்கைக்காரர்கள் பழி தூற்றினார்கள். திருச்சபையிடம் பொன் இருப்பது பூட்டி வைக்க அல்ல, தேவைப்பட்டவர்களுக்குச் செலவழிக்கத்தான் என்று பதில் எழுதினார்.

பலர் கதையை இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு, "பார்த்தீர்களா, பாத்திரத்தில் ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். அவர் எழுதியதை இன்னும் நாலு வரி படிக்க வேண்டும். அர்ச்சிக்கப்படாத, அதாவது வழிபாட்டுக்கென்று புனிதப்படுத்தப்படாத பாத்திரங்களை முதலில் தேடி எடுக்க வேண்டும். கோவிலுக்குள்ளேயே உடைக்க வேண்டும். அதன் பிறகுதான் உருக்க வேண்டும் என்கிறார். ஏன்? கிண்ணம் கிண்ண வடிவத்திலேயே வெளியே போனால் கண்ட காரியத்துக்கும் பயன்பட்டுவிடும் என்ற பதற்றம். உயிரை மீட்கப் பொன்னைக் கொடுக்கத் தயங்காத அதே மனிதர், இறைவனின் இரத்தத்தை ஏந்தும் அந்த வடிவத்தை மட்டும் வாசல் தாண்ட விடவில்லை. எனக்கு இந்த நாலு வரி, பல தடித்த புத்தகங்களுக்குச் சமம்.

இப்போதுள்ள விதிகளிலும் அந்தப் பதற்றம்தான் இருக்கிறது. துருப்பிடிக்கும் உலோகமோ பொன்னைவிட மதிப்புக் குறைந்த உலோகமோ என்றால் பாத்திரத்தின் உட்புறத்துக்குப் பொன்முலாம் பூச வேண்டும் என்கிறது திருப்பலி நூலின் பொது முன்னுரை. எளிமை என்று சொல்லிச் சில இடங்களில் மண்கிண்ணமும் கண்ணாடியும் வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் எளிதில் உடையும் பொருள் கூடாது என்று 2004இல் உரோமை தெளிவாகச் சொல்லிவிட்டது. கண்ணாடி கீழே விழுந்தால் சிந்துவது என்ன என்று யோசித்தால் விளங்கிவிடும்.

துணி துவைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிண்ணம் துடைத்த துணியை முதலில் அலசிய தண்ணீர் சாக்கடைக்குப் போகக்கூடாது. நேரே மண்ணுக்குள் இறங்கும் தனித் தொட்டி இருந்தால் அதில் ஊற்றுங்கள். இல்லையென்றால் யாரும் மிதிக்காத இடமாகப் பார்த்து மண்ணில் ஊற்றுங்கள். இதையெல்லாம் யாரும் பார்க்கப் போவதில்லை. பார்க்காத இடத்தில் செய்வதால்தான் இதைப் பெரிய பணி என்கிறேன்.

இனி வீட்டுக்கு வருவோம். மந்திரித்த பொருள், அதாவது குருவானவர் ஆசீர்வதித்த பொருள், உங்கள் சொந்தப் பொருளாகவே இருந்தாலும் தகாத காரியத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1171ஆம் எண். கார் கண்ணாடியில் செபமாலை தொங்குகிறது, பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகின்றன. எது கைகொடுத்தாலும் சரி என்கிற கணக்கு! செபமாலை சொல்வதற்கு உள்ளது ஐயா. சுரூபத்துக்குள், அதாவது சிலைக்குள், தெய்வசக்தி இருப்பதாக நினைத்து வணங்கக்கூடாது, வணக்கம் அது குறிக்கும் ஆளுக்குத்தான் போகிறது என்று ஆயர்கள் கூடிய திரிதெந்து சங்கம் 1563லேயே சொல்லிவிட்டது.

அதற்காக உடைந்த சுரூபத்தை ராத்திரியோடு ராத்திரியாகக் மாதா கெபி (குகைக்கோவில்) ஓரத்தில் வைத்துவிட்டு ஓடிவிடுவதா? மண்ணில் புதையுங்கள். மரமோ காகிதமோ என்றால் எரித்துச் சாம்பலைப் புதையுங்கள். படத்துக்குப் பின்னால் செருகி வைத்த போன வருடத்துக் குருத்தோலையை மட்டும் எரித்துவிடாதீர்கள். திருநீற்றுப் புதனுக்கு முன்னால் கோவில்பிள்ளையிடம் கொடுங்கள். பங்குச்சாமி உங்கள் நெற்றியில் பூசப்போவது அந்தச் சாம்பலைத்தான்.