தேர் போகாத தெருவுக்குத் தேவசகாயம் வரட்டும்

பெருமதிப்புக்குரிய ஆயர் பெருந்தகை அவர்களே, இந்த விழாவைப் பொறுப்போடு நடத்திவரும் பங்குத்தந்தை அவர்களே, அயல் பங்குகளிலிருந்து வந்து சிறப்பித்திருக்கும் அருட்தந்தையரே, பாடல் குழுவைப் பயிற்றுவித்த அருட்சகோதரிகளே, பங்குப்பேரவைத் துணைத்தலைவர் அவர்களே, பந்தல் போட இடம் தந்து உதவிய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, நேரத்தோடு வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மாரே, பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

இன்று இரண்டு செய்திகள். ஒன்று, புனித தேவசகாயத்தின் வாழ்வு. இரண்டு, அவருக்கு நாம் செலுத்தும் வணக்கம். "ஊர் கூடித் தேர் இழு" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

1712 ஏப்ரல் 23, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலம். பிறந்த குழந்தைக்குப் பெயர் நீலகண்டன். வளர்ந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசில் அலுவலரானார். 1741-இல் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது. அதில் சிறைப்பட்ட டிலனாய், பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுக்கும் தளபதியானார். அவருக்கும் நீலகண்டனுக்கும் பழக்கம் ஏற்பட்டது.

அந்தச் சந்திப்பைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவாருங்கள். ஒருவர் வீட்டில் மாடுகள் செத்து, வயலும் பொய்த்து, முகம் வாடி நிற்கிறார். இன்னொருவர் போரில் தோற்று, சொந்த மண்ணைவிட்டுக் கடல் கடந்து கிடப்பவர். என்ன வருத்தம் என்று கேட்ட டிலனாய், விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். 7,000 ஆடு, 3,000 ஒட்டகம், 500 ஏர் மாடு, 500 கழுதை, பத்துப் பிள்ளைகள் என்று நிறைவாக வாழ்ந்தவர் யோபு. ஒரு நாள் ஓர் ஆள் ஓடி வருகிறான், "ஐயா, மாடெல்லாம் போச்சு!" அவன் சொல்லி முடிக்கவில்லை, அடுத்தவன் வருகிறான், "நெருப்பு விழுந்து ஆடெல்லாம் எரிஞ்சு போச்சு!" அவன் வாய் மூடவில்லை, மூன்றாமவன், "ஒட்டகமும் போச்சு!" நாலாமவன் வந்து சொன்னது, பிள்ளைகள் கூடியிருந்த வீடே இடிந்து விழுந்தது என்று. யோபு சாம்பலில் உட்கார்ந்து, ஓட்டுத் துண்டால் புண்ணைச் சுரண்டுகிறார். நண்பர்கள் மூன்று பேர் வந்து ஏழு நாள் பேசாமல் கூட இருந்தார்கள். பேசாத வரைக்கும் அவர்கள் நல்ல துணை. வாய் திறந்ததும், "நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், அதனால்தான் இது" என்றார்கள். துக்க வீட்டுக்கு வந்து இன்றைக்கும் இதைத்தானே சொல்கிறார்கள்? யோபு அதை ஏற்கவில்லை. துன்பப்படுகிறவன் எல்லாம் குற்றம் செய்தவன் இல்லை. "இன்ன வீட்டில் பிறந்தாய், ஆகையால் நீ தாழ்ந்தவன்" என்பதும் அதே பொய்த் தீர்ப்புதான் அன்பர்களே!

1745 மே 14, வடக்கன்குளம். மக்கள் பரஞ்சோதிநாதர் என்று அழைத்த இயேசு சபைக் குரு புத்தாரி அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். லாசர் என்ற பெயரின் பொருளைத் தமிழில் சொல்லித் தேவசகாயம் என்று அழைத்தார்கள். அதன்பின் எல்லோரும் சமம் என்று சொன்னார், ஒடுக்கப்பட்ட மக்களோடு ஒன்றாகப் பழகினார். 1749 பிப்ரவரி 23-இல் கைது. மூன்று ஆண்டு வதை. எருமைமேல் பின்பக்கம் பார்க்க உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், அடித்த புண்ணில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். தாகத்தில் துவண்டபோது புலியூர்க்குறிச்சிப் பாறையில் நீர் கசிந்ததை மக்கள் இன்றும் நம்பிப் போற்றுகிறார்கள். 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம். 2012 டிசம்பர் 2-இல் புனிதர் நிலைக்கு முந்திய அருளாளர் பட்டம், 2022 மே 15-இல் புனிதர் பட்டம். குருவாகவோ துறவியாகவோ இல்லாத ஓர் இந்தியர் புனிதரானது அதுவே முதல் முறை. 2012-இல் பெயரோடு சாதிப் பட்டமும் ஒட்டியிருந்தது. 2022-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்தபோது அது இல்லை. அழைப்பிதழ் அச்சிடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்!

அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், அவருடைய துணைவியார் ஞானப்பூ அம்மையார் கடைசிக் காலத்தைக் கழித்த அதே ஊரில், பின்னாளில் கட்டிய கோயிலுக்குள்ளே சாதிக்கு ஒரு பக்கமாக நடுவில் சுவர் வைத்தார்கள். 1910-இல் சுவர் இடிக்கப்பட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போயும் சுவர் திரும்பவில்லை. செங்கல் சுவர் போயிற்று. ஒடுக்கப்பட்ட மக்களின் தெருவுக்குத் தேரை விடாமல் தேர்ப்பாதையில் இருக்கும் சுவர்?

"தெரு குறுகல், கம்பி தாழ்வு, அதனால் அந்தத் தெருவுக்குத் தேர் வராது" என்கிறார்கள். சரி, அளந்து பார்ப்போம். 8 அடித் தெருவுக்குப் பெரிய தேர் வேண்டாம், மூன்றரை அடி அகலத்தில் தூக்குச் சப்பரம் போதும். இருபுறமும் தோள் கொடுப்பவர்களுக்கு ஒன்றரை ஒன்றரை அடி சேர்த்தால் ஆறரை அடி. நேர்த்தெருவில் தாராளமாகப் போகும். மாட்டிக்கொள்வது முனையில்தான். சப்பரத்தைத் தூக்க 14 அடித் தண்டு கட்டினால் திரும்பாது, சுவரில் இடிக்கும். தண்டை 9 அடிக்குள் வையுங்கள். முன்னால் நான்கு பேர், பின்னால் நான்கு பேர், எல்லோரும் ஏறக்குறைய ஒரே உயரம். உயரம் பொருந்தாவிட்டால் பாரம் முழுக்க உயரமானவர் தோளில் இறங்கும், சப்பரமும் சாயும். மின்கம்பியை மூங்கிலால் தூக்கிவிடும் வழக்கம் கூடவே கூடாது. பனியில் நனைந்த மூங்கில் மின்சாரம் கடத்தும். முன்கூட்டியே மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, அந்த நேரத்துக்கு இணைப்பை நிறுத்தச் சொல்லுங்கள். சப்பரத்துக்குப் பேட்டரி விளக்கு போதும்.

அடுத்தது மண்டகப்படி, அதாவது ஒவ்வொரு நாள் விழாவையும் பொறுப்பேற்று நடத்துவது. கொடியேற்றம் தொடங்கிப் பத்து நாளும் இன்னாருக்கு இன்ன நாள் என்று பரம்பரையாக ஒதுக்கினால், ஒன்பதாம் இரவும் பத்தாம் நாளும் ஒரே கைகளில் தங்கிவிடும். பங்கின் குடும்பக் குழுக்களான அன்பியங்களின் பெயரை எழுதி, சிறுபிள்ளை ஒன்றை விட்டுச் சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். வரி எல்லா வீட்டிலும் வாங்குங்கள். ஒரு தெருவில் மட்டும் வரி வாங்காமல் விடுவது சலுகை போலத் தெரியும். நாளைக்கு "வரி கொடுக்காதவனுக்குத் தேரில் என்ன உரிமை?" என்று கேட்பதற்கு அதுவே வழியாகிவிடும். இயலாதவர் பத்து ரூபாய் கொடுத்தாலும் ரசீது எழுதுங்கள். ஊர் கூடித் தேர் இழு என்றால் ஊரில் எல்லாத் தெருவும் அடக்கம்!

ஆயர் பெருந்தகை அவர்களே, ஜனவரி 14 நெருங்குகிறது. பங்குப்பேரவையாருக்கு ஒரே வேண்டுகோள். நாளைக் காலைத் திருப்பலி முடிந்ததும் அளவு நாடாவோடு கிளம்புங்கள். கோயில் வாசலிலிருந்து கடைசித் தெருவின் கடைசி வீடுவரை, ஒவ்வொரு முனையையும் அளந்து, தாளில் குறித்து, அந்தத் தெருக்காரர் இருவரிடம் கையெழுத்து வாங்கி, அந்தத் தாளைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். தச்சர் அந்த அளவைப் பார்த்துத் தண்டு அறுக்கட்டும். நன்றி, வணக்கம்.