வைரத்தை ஜன்னலோரம் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வைரத்துக்குத் தரம் பார்க்கும் வேலையிலேயே என் காலத்தின் பெரும்பகுதி போய்விட்டது. அதனால் தெரிந்தவர் வீட்டில் நிச்சயதார்த்தம் என்றால், தேதி குறிப்பதற்கு முன்பே எனக்கு ஒரு ஃபோன் வந்துவிடும். "பட்ஜெட்டைப் பற்றிக் கவலையே இல்லை, நல்ல வைர மோதிரமாகச் சொல்லுங்கள்" என்பார்கள். அதைக் கேட்டதுமே எனக்குக் கவலை தொடங்கிவிடும்.

ஏன் என்கிறீர்களா? கையில் அளவாகப் பணம் வைத்திருப்பவர் கல்லை உற்றுப் பார்ப்பார். இதைவிட அது ஏன் விலை கூட, இதில் என்ன குறை, அதில் என்ன நிறை என்று கேட்டுக் கேட்டுத்தான் வாங்குவார். தாராளமாக வைத்திருப்பவர் கல்லோடு வரும் தரச் சான்றிதழைப் பார்ப்பார். எதிலெல்லாம் முதல் தரம் உண்டோ அதையெல்லாம் கேட்பார். கல்லைக் கடைசியில்தான் பார்ப்பார், அதுவும் கடை விளக்கில். அந்தக் கடை விளக்கைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, வருகிறேன்.

முதலில், எவ்வளவு செலவழிப்பது என்ற கேள்வி. இரண்டு மாதச் சம்பளம் என்று ஒரு கணக்கு உலகம் முழுக்கச் சுற்றுகிறது. இது ஏதோ காலங்காலமாக வரும் வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். டி பியர்ஸ் என்ற வைர நிறுவனம் 1980களில் செய்த விளம்பரம்தான் அதைப் பரப்பியது. வைரம் என்றென்றும் நிலைக்கும் என்ற வாசகமும் அதே நிறுவனத்துக்காக 1947-ல் ஃபிரான்சஸ் கெரட்டி என்ற விளம்பர எழுத்தாளர் எழுதியது. வாசகம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விற்பவர் போட்டுக்கொடுத்த கணக்கை வாங்குபவர் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்? உங்களுக்கு இயன்றதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, கல்லுக்கு வருவோம். வைரத்தின் தரத்தை நான்கை வைத்துச் சொல்வார்கள்: எடை, நிறம், தெளிவு, பட்டை தீட்டிய விதமான வெட்டு. இந்த நான்கும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான்கும் சம முக்கியம் என்று நினைப்பதில்தான் கோளாறு.

நிறத்தைப் பாருங்கள். சான்றிதழில் டி என்றால் துளியும் நிறமில்லாத கல். அங்கிருந்து இ, எஃப், ஜி என்று மஞ்சள் சாயல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி இசட்டில் முடியும். ஏ, பி, சி எங்கே போனது என்று எல்லாரும் கேட்பார்கள். 1950களில் அமெரிக்காவின் ஜிஐஏ என்ற ரத்தினக்கல் ஆய்வு நிறுவனம் இந்த வரிசையை வகுத்தபோது, வியாபாரிகள் ஏற்கெனவே ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று அவரவர் இஷ்டத்துக்குத் தரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழப்பம் வேண்டாமென்று டி-யில் தொடங்கினார்கள். இந்த நிறத்தை நாங்கள் எப்படிப் பார்ப்போம் தெரியுமா? வெள்ளைத் தட்டில் கல்லைக் குப்புறக் கவிழ்த்து, பக்கத்தில் மாதிரிக் கற்களை வைத்து, பக்கவாட்டிலிருந்து ஒப்பிடுவோம். அப்படிப் பார்த்தும் ஒரு படி வித்தியாசத்துக்குச் சில சமயம் இரண்டு பேர் வாதாடுவோம். மோதிரத்தில் கல்லைக் குப்புற வைத்து யாரும் பார்க்கப் போவதில்லை. பிளாட்டினத்தில் பதித்தால் ஜி, எச் நிறக் கல் வெள்ளையாகவே தெரியும். மஞ்சள் தங்கத்தில் என்றால் ஜே வரைக்கும்கூடப் போகலாம், தங்கத்தின் நிறமே சாயலை மறைத்துவிடும்.

தெளிவும் அப்படித்தான். பழைய இலக்கியத்திலேயே காகபாதம், களங்கம், விந்து, ரேகை என்று வைரத்தின் குற்றங்களைச் சொல்லியிருக்கிறார்கள். லென்ஸ் இல்லாத காலத்துக் கண்! இன்றைக்குப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் பார்த்துத் தரம் போடுகிறோம். அந்தப் பத்து மடங்கில் தேடினால்தான் தெரியும் குறைக்கும், அதிலும் ஒன்றுமே தெரியாத கல்லுக்கும் இடையில் விலை எங்கேயோ போய்விடும். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சான்றிதழில் விஎஸ்-1, விஎஸ்-2 என்று, அதாவது மிகச் சிறிய குறைதான் என்று, போட்டிருந்தால் வட்டக் கல்லில் தாராளமாக வாங்கலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. எமரால்டு வெட்டு என்று நீள்சதுரமாக, படிப்படியாக வெட்டிய கல் இருக்கிறதே, அது ஜன்னல் மாதிரி திறந்து கிடக்கும், உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். அதில் மட்டும் தெளிவுக்குக் கூடுதலாகச் செலவழியுங்கள்.

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். எங்கே பேசப் போனாலும் இதைச் சொல்லிவிடுவேன், முன்பே கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நண்பர் ஒருவரின் மகன், மோதிரம் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனான். அவன் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணும் கூட வந்தாள். பையன் கையில் ஒரு ஃபைல், அதில் அட்டவணை, அட்டவணையில் வண்ணம் வேறு. கடைக்காரர் இரண்டு கற்களை எடுத்து வைத்திருந்தார். ஒன்று 2 கேரட் எடை, டி நிறம், உள்ளே குறையே இல்லை என்று சான்றிதழ். வெட்டு மட்டும் 'குட்' என்று போட்டிருந்தது. 'குட்' என்றால் நல்லதுதானே என்று பையன் அதைத் தாண்டிப் போய்விட்டான். அதற்கு மேலே 'வெரி குட்', 'எக்ஸலென்ட்' என்று இரண்டு படிகள் இருக்கின்றன. இன்னொரு கல் 1.8 கேரட், ஜி நிறம், விஎஸ்-2, வெட்டு 'எக்ஸலென்ட்'. விலை முதல் கல்லைவிட வெகு குறைவு. அட்டவணைப்படி முதல் கல்தான், சந்தேகமே இல்லை.

நான் சான்றிதழ்களை மூடச் சொன்னேன். இரண்டு கற்களையும் தட்டோடு வாசல் பக்கம், வெயில் நேராக விழாத வெளிச்சத்துக்கு எடுத்து வரச் சொன்னேன். கடைக்காரர் நல்ல மனிதர், முகம் சுளிக்காமல் கூடவே வந்தார். பெண்ணின் விரல்களைச் சேர்த்து வைக்கச் சொல்லி, விரல் இடுக்கில் இரண்டு கற்களையும் உட்கார வைத்தேன். எது எது என்று சொல்லவில்லை. அவள் கையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "இது என்ன அங்கிள், நடுவுல இருட்டா இருக்கு?" என்றாள். அதுதான் டி. மற்றதைக் காட்டி, "இது எப்படித் திருப்பினாலும் எங்கேயாவது மின்னுது" என்றாள். அதுதான் ஜி. அளவுகோலை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலம். அந்த 0.2 கேரட் எங்கே போனது? எல்லாம் அடிவயிற்றில், மோதிரத்துக்குள் ஒளிந்துகொள்ளும் இடத்தில்.

பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "டி-யிலிருந்து மூன்று எழுத்து இறங்குறோமே அங்கிள்" என்றான். பரீட்சையில் மூன்று மார்க் போனதுபோல. விஎஸ்-2 என்றால் எங்கே குறை, காட்டுங்கள் என்று லென்ஸை வாங்கிக்கொண்டான். தேடினான், தேடினான், தேடிக்கொண்டே இருந்தான். கடைசியில் நான்தான் காட்ட வேண்டியிருந்தது. விளிம்போரத்தில் ஒரு சின்ன வெள்ளை இழை. அதன் மேல் கல்லைப் பிடிக்கும் கொக்கி வருகிற மாதிரி பதித்தால் லென்ஸுக்கும் தெரியாது. அந்தப் பெண்ணிடம் லென்ஸை நீட்டினான். "எனக்கு வேண்டாம், நீயே பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது கல்லைத்தான் வாங்கினார்கள்.

அந்த வித்தியாசத்தைச் செய்ததுதான் வெட்டு. வட்டக் கல்லுக்கு 57 பட்டைகள் தீட்டுவார்கள். மேலே விழும் ஒளி உள்ளே இறங்கி, அடிப்பக்கத்துச் சரிவில் பட்டு, எதிர்ச் சரிவுக்குத் தாவி, மறுபடி மேலே ஏறி உங்கள் கண்ணுக்கு வரவேண்டும். அந்தச் சரிவு 41 டிகிரியை ஒட்டி இருந்தால் வரும். ரொம்பத் தட்டையாக இருந்தாலும், ரொம்ப ஆழமாக இருந்தாலும், ஓட்டைக் குடத்துத் தண்ணீராக ஒளி அடிவழியே போய்விடும். இந்தக் கோணங்களைக் கணக்குப் போட்டு 1919-ல் வெளியிட்டவர் மார்செல் டோல்கோவ்ஸ்கி, வைரம் தீட்டும் குடும்பத்தில் பிறந்த பொறியியல் மாணவர். நிறமும் தெளிவும் மண்ணுக்குள் அமைந்தவை. வெட்டு மட்டும்தான் மனிதன் கையில் இருக்கிறது. ஆழமாக வெட்டினால் எடை மிஞ்சும், எடைக்குத்தான் விலை, அதனால் அந்த ஆசை தீட்டுபவரை விடுவதில்லை. நீங்கள் 'எக்ஸலென்ட்'டுக்குக் கீழே இறங்காதீர்கள். மற்ற மூன்றிலும் இறங்கலாம், இதில் வேண்டாம்.

ஓவல், பேரிக்காய் வடிவங்களுக்கு ஜிஐஏ சான்றிதழில் வெட்டுக்குத் தரமே போடுவதில்லை. அங்கே கண்தான் கதி. நடுவில் குறுக்காக ஒரு கறுப்பு நிழல் விழுகிறதா, கல்லை ஆட்டினாலும் போகாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

எங்கே பார்ப்பது? இதோ கடை விளக்குக்கு வந்துவிட்டேன். நகைக் கடைக் கூரையில் சின்னச் சின்ன விளக்குகள் நெருக்கமாகக் குத்திட்டு நிற்கும். ஒவ்வொரு விளக்கும் ஒவ்வொரு பட்டையிலும் ஒரு பொறியைக் கிளப்பும். அந்த வெளிச்சத்தில் கண்ணாடித் துண்டுகூட ஜொலிக்கும், சுமாராக வெட்டிய வைரம் ஜொலிக்காதா? மோதிரம் போட்டுக்கொண்டு வாழப்போவது அலுவலக மேசையிலும் பஸ்ஸிலும் சமையலறையிலும்தான். ஆகவே ஜன்னலுக்குப் போங்கள். ஜன்னல் இல்லையா, கடை மேசைக்குக் கீழே நிழலில் வைத்துப் பாருங்கள். நல்ல வெட்டு நிழலிலும் உயிரோடு இருக்கும், சுமாரான வெட்டு அங்கே சாம்பல் பூத்துவிடும். கடைக்காரர் தயங்கினால் வேறு கடைக்குப் போங்கள். இரண்டு மூன்று கற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும் முக்கியம், ஒரே கல்லைத் தனியாகப் பார்த்தால் எல்லாமே அழகுதான். திரும்பவும் சொல்கிறேன், ஜன்னலுக்குப் போங்கள்.

அடுத்து எடை. வைரத்தில் ஒரு கேரட் என்பது 0.2 கிராம். நன்றாக வெட்டிய 1 கேரட் வட்டக் கல் சுமார் 6.5 மில்லிமீட்டர் அகலம், 2 கேரட் கல் 8 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. எடை இரட்டித்தும் அகலம் கால்வாசிதான் கூடுகிறது. விலையோ இரட்டிப்போடு நிற்காது, பெரிய கல் அபூர்வம் என்பதால் ஒரு கேரட்டுக்கான விலையே ஏறிவிடும். அதிலும் 1, 1.5, 2 என்ற எண்களைத் தொடும்போது ஒரு தாவு தாவும். 1.9 கேரட் கல்லுக்கும் 2 கேரட் கல்லுக்கும் அகல வித்தியாசம் மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் 1.9 சுலபமாகக் கிடைக்காது, தீட்டுபவர்கள் எப்படியாவது 2-ஐத் தொட்டுவிடப் பார்ப்பார்கள். கிடைத்தால் விடாதீர்கள்.

பணம் தாராளமாக இருக்கும்போது ஆய்வகத்தில் வளர்த்த வைரம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் 1954-லேயே வைரத்தை உருவாக்கிவிட்டார்கள். அதே கரிமம், அதே கடினம், அதே ஜொலிப்பு. கண்ணால் பார்த்துப் பிரிக்க என்னாலும் முடியாது, ஆய்வகக் கருவி வேண்டும். விலை பல மடங்கு குறைவு, இன்னும் இறங்கியும் வந்திருக்கிறது. எதை வாங்கினாலும் போட்டுக்கொள்பவரிடம் முன்பே பேசிவிடுங்கள், பின்னால் தெரிந்தால்தான் மனஸ்தாபம். முதலீடாக நினைத்து மட்டும் வாங்காதீர்கள். மண்ணில் எடுத்த கல்லையும் திரும்ப விற்கப் போனால் கொடுத்த விலை பெரும்பாலும் வராது.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மோதிரத்தின் கட்டமைப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஓடிக்கொண்டே சொல்கிறேன்.

கொக்கி நான்கு இருந்தால் கல் அதிகம் தெரியும், ஆறு இருந்தால் பத்திரம். ஒன்று உடைந்தாலும் ஐந்து பிடித்துக்கொள்ளும். வேலை செய்யும் கை என்றால் கல்லைச் சுற்றி உலோக விளிம்பு கட்டுங்கள். இன்னொரு வைரத்தைத் தவிர வேறெதுவும் வைரத்தைக் கீறாது, ஆனால் ஓங்கி இடித்தால் பிளந்துவிடும்.

கழுவுவது முக்கியம். வைரத்தில் எண்ணெய்ப் பசை சட்டென்று ஒட்டும். சுரங்கங்களில் கிரீஸ் பூசிய மேசைமீது தண்ணீரோடு கற்களை ஓடவிட்டே வைரத்தைப் பிரித்திருக்கிறார்கள், வைரம் ஒட்டிக்கொள்ளும், மற்ற கல் ஓடிவிடும். கைக்குப் போடும் கிரீம் கல்லின் அடியில் படிந்தால், 41 டிகிரிக்கு நீங்கள் கொடுத்த பணமெல்லாம் வீண். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, மிருதுவான பிரஷ், அவ்வளவுதான்.

அப்புறம், கல்லின் விளிம்பில் லேசரில் பொறித்த எண் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று லென்ஸில் பார்த்து வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் எடுங்கள். விரலை அளவெடுப்பது குளிர்ந்த காலையில் வேண்டாம், விரல் சுருங்கியிருக்கும். சாயங்காலம் எடுங்கள், மோதிரம் கணுவைத் தாண்டுகிறதா என்றும் பாருங்கள். வளையம் முழுக்கக் கல் பதித்த மோதிரத்தைப் பின்னால் பெரிதாக்குவது கஷ்டம், அதற்கு மட்டும் அளவை இரண்டு முறை எடுத்துவிடுங்கள். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.