தேருக்குள் ஒரு கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

விசை, உந்தம், ஆற்றல். பள்ளிக்கூடத்தில் இந்த மூன்றையும் அடுத்தடுத்த பாடங்களில் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். பிள்ளைகள் சூத்திரத்தைத் தப்பில்லாமல் எழுதுகிறார்கள். ஆனால் இவை ஒன்றுக்கொன்று எப்படி வேறு என்று கேட்டால் விழிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கண்ணுக்கு முன்னால் வைத்துக் காட்டினால்தானே புரியும்? அப்படிக் காட்டுவதற்கு நெல்லைச் சீமையில் நமக்கு நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் இருக்கிறது.

சுவாமி தேரின் எடை 450 டன் என்பார்கள். தேர் நிலையில் நிற்கிறது. வடம் பிடித்தாயிற்று. ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்து இழுக்கிறார்கள், தேர் அசையவில்லை. இந்த நேரத்தில் தேர் மீது நடந்த வேலை எவ்வளவு? இயற்பியல் கணக்கில் சுழியம். விசை இருக்கிறது, ஆனால் நகர்வு இல்லை. நகர்வு இல்லாமல் வேலை இல்லை. அப்படியானால் வடம் பிடித்தவர்களுக்கு வியர்த்துக் கொட்டியது ஏன்? அவர்கள் சாப்பிட்ட சோற்றின் ஆற்றல் தசைக்குள்ளேயே செலவாகி உடம்புச் சூடாக வெளியேறிவிட்டது. தேருக்குப் போய்ச் சேரவில்லை.

நிற்கிற பொருளை அசைக்கும்போது எதிர்க்கிற உராய்வு, அது ஓடும்போது எதிர்க்கிற உராய்வைவிடப் பெரியது. அதோடு, நின்ற இடத்தில் சக்கரம் கொஞ்சம் அழுந்தியும் இருக்கும். அந்தப் பள்ளத்திலிருந்து ஏற வேண்டும். இதற்குத்தான் பின்னால் தடி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டம் வடத்தையே பார்க்கிறது. நான் உங்களைப் பார்க்கச் சொல்வது தடியை.

பத்தடி நீளத் தடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சக்கரத்தின் பக்கம் ஓரடி விட்டு, அடியில் ஒரு கட்டையைக் கொடுத்தால், ஆட்கள் பக்கம் ஒன்பதடி கிடைக்கிறது. பத்துப் பேர் ஆளுக்கு 50 கிலோ எடை அளவுக்கு அழுத்தினால் மொத்தம் 500 கிலோ. சக்கரத்தின் பக்கம் அது 4,500 கிலோவாகப் போய் நெம்பும். நாலரை டன்! ஆனால் சக்கரம் ஓர் அங்குலம் எழும்ப, இந்த முனை ஒன்பது அங்குலம் கீழே இறங்கியாக வேண்டும். விசை ஒன்பது மடங்கு ஆனது, தூரம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்தது. இரண்டையும் பெருக்கினால் வருகிற வேலை மாறவே இல்லை. விசையைப் பெருக்கித் தருகிற கருவி எத்தனையோ உண்டு. ஆற்றலைப் பெருக்கித் தருகிற கருவியை இதுவரை ஒருவரும் செய்ததில்லை. பெட்ரோல் இல்லாமல் ஓடும் இயந்திரம், கரண்ட் இல்லாமல் சுற்றும் மோட்டார் என்று யாராவது உங்களிடம் பணம் கேட்டு வந்தால், இந்தத் தடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

தேர் கிளம்பிவிட்டது. நொடிக்கு அரை மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் எவ்வளவு? நிறையில் பாதி, பெருக்கல் வேகத்தின் இருமடி, அதாவது வேகத்தை வேகத்தாலேயே பெருக்கியது. விடை ஏறக்குறைய 56,000 ஜூல். ஜூல் என்பது ஆற்றலை அளக்கிற அலகு. ஒரு டம்ளர் தண்ணீரைத் தேநீருக்குக் கொதிக்க வைக்க ஆகிற ஆற்றல் அவ்வளவுதான். வகுப்பில் இதைச் சொன்னால் ஒரு பிள்ளையும் நம்பாது. கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். அப்படித்தான் பார்க்கவும் வேண்டும்.

அப்படியென்றால் தேரை நிறுத்துவது சுலபமா? அங்கேதான் உந்தம் வருகிறது. உந்தம் என்பது நிறையை வேகத்தால் பெருக்குவது. ஆமை வேகத்தில் வருகிற அந்தத் தேரின் உந்தமும், மதுரை நாற்கரச் சாலையில் மணிக்கு 81 கிலோமீட்டரில் பறக்கிற 10 டன் பேருந்தின் உந்தமும் ஒன்றுதான். பேருந்தின் இயக்க ஆற்றலோ தேரினுடையதைப் போல 45 மடங்கு. உந்தம் ஒன்று, ஆற்றல் வேறு. இந்த ஓர் எடுத்துக்காட்டு மனத்தில் தங்கினால் இரண்டும் பிறகு குழம்பாது.

தேரை மூன்று நொடியில் நிறுத்த, ஏழரை டன் எடைக்கு மேற்பட்ட விசை வேண்டும். ஒரே நொடியில் நிறுத்த ஏறக்குறைய 23 டன். மனிதர்கள் கை கோத்துக் கொடுக்கிற விசை அல்ல இது. சக்கரத்தின் அடியில் சறுக்குக்கட்டை வைத்து, உராய்வைக் கொண்டுதான் நிறுத்துகிறார்கள். வாகையடி முக்கில் தேர் திரும்புவதும் கட்டை கொடுக்கிறவர்களின் கைத்திறமைதான். மெதுவாகத்தானே வருகிறது என்று எண்ணிப் பிள்ளைகளைச் சக்கரத்துக்கு அருகே விட்டுவிடாதீர்கள். உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி ஆற்றல் கணக்குக்கு வருவோம். திடமான ஓர் ஆள் தொடர்ந்து உழைத்தால் ஏறத்தாழ 75 வாட் திறன் தருவார். ஆயிரம் பேர் சேர்ந்தால் 75,000 வாட். அதாவது நொடிக்கு 75,000 ஜூல். தேருக்குத் தேவையான இயக்க ஆற்றலை ஒரே நொடியில் கொடுத்துவிடலாம். மீதி நேரமெல்லாம் அவர்கள் இழுப்பது உராய்வை வெல்வதற்கே. அந்த ஆற்றல் அச்சிலும் சக்கரத்திலும் சாலையிலும் சூடாகப் போகிறது.

இதே அளவுகோலைப் பாபநாசத்துக்கு எடுத்துப் போங்கள். 1944-இல் மின்சாரம் தரத் தொடங்கிய அந்த நீர்மின் நிலையத்தின் இன்றைய திறன் 32 மெகாவாட். ஓய்வில்லாமல் நாலேகால் லட்சம் பேர் உழைப்பதற்குச் சமம். வீட்டுக் கணக்கில் பார்த்தால், அந்தத் திடமான ஆள் எட்டு மணி நேரம் உழைத்துத் தருவது 0.6 யூனிட். ஒரு யூனிட் கூட இல்லை.

ஒரு டன் தண்ணீர் நூறு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் கிடைப்பது கால் யூனிட்டுக்குச் சற்று மேல். ஆக ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய நான்கு டன் தண்ணீர்.

இந்த இடத்தில் ஒரு பழைய சந்தேகம் வரும். மின்சாரம் எடுத்துவிட்டால் தண்ணீரில் சத்துப் போய்விடாதா, அது பயிருக்கு ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எதையோ எடுத்திருக்கிறோம் அல்லவா, எதை எடுத்தோம்? உயரத்தை எடுத்தோம். டர்பைன் இல்லாவிட்டாலும் அந்தத் தண்ணீர் மலையிலிருந்து கீழே வந்துதான் ஆக வேண்டும். பாறையில் மோதி, இரைந்து, நுரைத்து, அந்த ஆற்றல் முழுவதும் சூடாக மாறியிருக்கும். 427 மீட்டர் விழுந்தால் தண்ணீர் ஒரு டிகிரி சூடாகும். இது ஜூல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியின் சோதனைகள் வழி வந்த கணக்கு. நூறு மீட்டருக்குக் கால் டிகிரி கூட வராது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் ஆகிய பாசனக் கால்வாய்களில் பாய்கிற தண்ணீரிலிருந்து மின்நிலையம் எடுத்துக்கொண்டது அந்தக் கால் டிகிரிக்கும் குறைவான சூட்டைத்தான். நெல்லுக்கு வேண்டியது எல்லாம் அப்படியே வயலுக்கு வந்து சேர்கிறது.

வணக்கம்.