மார்கரித்தின் வரவு செலவு

எல்லோருக்கும் வணக்கம். இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது 1848இல் பாரிஸில் வெளிவந்த ஒரு பிரெஞ்சு நாவல், ‘கமேலியா சீமாட்டி’. எழுதியவர் அலெக்ஸாந்தர் துமா. ‘மூன்று துப்பாக்கி வீரர்கள்’ எழுதியவர் அப்பா துமா. இவர் அதே பெயர் கொண்ட மகன்.

பத்தொன்பது வயதில், கல்லூரி விடுதியில், ஆங்கில மொழிபெயர்ப்பில் இதை ஒரே ராத்திரியில் படித்து முடித்தேன். அர்மான் என்ற இளைஞனோடு சேர்ந்து அழுதேன். பாரிஸே திரும்பிப் பார்க்கும் அழகி மார்கரித் அவனை விட்டுப் போனபோது அவள்மேல் கோபம்கூட வந்தது. முப்பது வருஷம் கழித்துப் போன மாதம் மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை பென்சில் கோடு விழுந்த இடங்களைப் பார்த்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது. எங்கெல்லாம் ஒரு தொகை வருகிறதோ அங்கெல்லாம் கோடு போட்டிருக்கிறேன்.

கதை தொடங்குவதே ஏல அறிவிப்பில்தான். 1847 மார்ச், சுவரில் ஒரு மஞ்சள் நோட்டீஸ். வீட்டுக்காரி இறந்துவிட்டாள், சாமான்கள் ஏலத்துக்கு வருகின்றன. அவள் உயிரோடு இருந்தவரை அந்தப் படி ஏறாத கௌரவக் குடும்பத்துப் பெண்கள் இப்போது உள்ளே வந்து, ஒவ்வொன்றாக நின்று பார்க்கிறார்கள். ஏலத்தில் சேர்ந்தது ஒன்றரை லட்சம் பிராங்க். அதில் மூன்றில் இரண்டு பங்கு கடன்காரர்களுக்கே போய்விடுகிறது. முதல் வாசிப்பில் இந்தப் பக்கங்களை அவசரமாகப் புரட்டியிருக்கிறேன். காதல் எப்போது வரும் என்ற அவசரம். ஆனால் மார்கரித்தின் முழு வாழ்க்கையும் அந்த ஏலத்திலேயே சொல்லப்பட்டுவிட்டது.

அவள் பணக்கார ஆண்களின் செலவில் வாழ்பவள். நாடகக் கொட்டகையில் அவளுடைய தனி மாடத்தில் எப்போதும் மூன்று பொருள் இருக்கும்: பைனாகுலர், ஒரு பை மிட்டாய், கமேலியாப் பூச்செண்டு. மாதத்தில் 25 நாள் வெள்ளைப் பூ, 5 நாள் சிவப்பு. காரணம் யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கதைசொல்லி நகர்ந்துவிடுகிறார். படிக்கிற பெண்களுக்குப் புரிந்துவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். மார்கரித்துக்கு வருஷச் செலவு ஒரு லட்சம் பிராங்குக்குக் குறையாது. அர்மானின் வருஷ வருமானம் 8,000. இருவருக்கும் காதல் வந்தபின் பாரிஸுக்கு வெளியே பூஜிவால் என்ற ஊரில் வீடு எடுத்துத் தங்குகிறார்கள். ஆற்றங்கரை, மரநிழல், வெள்ளை உடுப்பு. பத்தொன்பது வயதில் எனக்குப் பிடித்த அத்தியாயம் அதுதான். இப்போது படித்தால் அந்த நிழலுக்குள் வேறொன்று நடக்கிறது. குதிரைகள் விற்றுப்போகின்றன. காஷ்மீர் சால்வைகள் விற்றுப்போகின்றன. வைரங்கள் அடகுக்குப் போகின்றன. அர்மானிடம் மூச்சுவிடாமல் ஒவ்வொன்றாக இழக்கிறாள் மார்கரித். இவ்வளவு பெரிய காதலை அவள் வாயால் அதிகம் சொல்லவே இல்லை. நகைப்பெட்டி காலியாவதில்தான் அது தெரிகிறது.

அப்புறம் அர்மானின் அப்பா வருகிறார். இவளால் தன் மகள் கல்யாணம் நின்றுவிடும் என்கிறார். அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, உண்மைக் காரணத்தைச் சொல்லாமல் பழைய வாழ்க்கைக்கே திரும்புகிறாள். அர்மான் என்ன செய்தான் தெரியுமா? ஊரறிய அவளை அவமானப்படுத்தினான். இனித் துன்புறுத்தாதே என்று காய்ச்சலோடு வந்து கேட்டவளோடு ஒரு ராத்திரி இருந்துவிட்டு, மறுநாள் 500 பிராங்க் நோட்டை அனுப்பினான், கூலி என்று. முன்பு இந்த இடத்தில் அவன் வேதனைக்காக அழுதேன். இப்போது என்னால் அவனை மன்னிக்க முடியவில்லை. காசநோயில் இருமிக்கொண்டிருந்தவள் அவள். அவர்கள் பழகத் தொடங்கிய ராத்திரியிலேயே, விருந்தாளிகள் அடுத்த அறையில் சிரித்துக்கொண்டிருக்க, வெள்ளிக் கிண்ணத்துத் தண்ணீரில் நூல் நூலாக அவள் ரத்தம் மிதந்ததைப் பார்த்தவன் இவன்தானே!

மார்கரித்துக்குப் பின்னால் உண்மையாகவே ஒரு பெண் இருந்தாள். பாரிஸ் அறிந்த பெயர் மரி துப்ளெஸி. பிறந்தபோது வைத்த பெயர் அல்ஃபோன்ஸின் ப்ளெஸி. 1847 பிப்ரவரி 3ஆம் தேதி, 23 வயதில் இறந்தாள். மோன்மார்த்ரில் அவள் கல்லறையில் இருப்பது அந்தப் பிறந்த பெயர்தான். துமாவும் அவளைக் காதலித்தவர். 1845இல் அவளைப் பிரிந்தபோது எழுதிய கடிதத்தில், நான் விரும்புகிறபடி உன்னைக் காதலிக்க என்னிடம் பணம் போதாது, நீ விரும்புகிறபடி காதலிக்கப்பட நான் அவ்வளவு ஏழையும் இல்லை என்ற பொருளில் எழுதினார். அந்தக் கடிதத்திலும் கணக்குத்தான். நாவலில் அவர் தன்னைத் தப்பவிடவில்லை என்று நினைக்கிறேன். அர்மான் துவால் என்ற பெயரின் முதல் எழுத்துகள் அவர் பெயரின் முதல் எழுத்துகளேதான்.

1852இல் அவரே இதை நாடகமாக்கினார். மறு வருஷம் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்தி இதை ‘லா திராவியாதா’ என்ற ஓபெராவாக, அதாவது இசைநாடகமாக, அமைத்தார். 1936இல் கிரேட்டா கார்போ நடித்துப் படமாகவும் வந்தது. இவற்றிலெல்லாம் காதலன் கடைசி நேரத்தில் ஓடி வந்துவிடுகிறான், அவன் கைகளில் அவள் உயிர் போகிறது. நாவலில் அவன் வருவதில்லை.

நாவலில் அவள் படுத்துக்கொண்டு அவனுக்கு எழுதுகிறாள். பக்கத்து அறையில், ஒரு சாமானும் வெளியே போகாமல் பார்க்கக் கடன்காரர்கள் நிறுத்திவைத்த காவலாள் நடக்கும் சத்தம் கேட்கிறது. ஒரு நாள் காய்ச்சலோடு எழுந்து, முகம் பிணம்போல் தெரியாமலிருக்கச் சாயம் பூசச் சொல்லி, வோத்வில் கொட்டகைக்குப் போகிறாள். பின்னாளில் துமாவின் நாடகம் முதலில் மேடையேறியது அதே கொட்டகையில்தான். பழைய மாடத்திலேயே உட்கார்ந்து, முன்பு அர்மான் உட்கார்ந்திருந்த இருக்கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதில் யாரோ ஒருவன் உட்கார்ந்து, நடிகர்கள் சொல்வதற்கெல்லாம் சத்தமாகச் சிரிக்கிறான். அவளைப் பாதி உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அதை எழுதிவிட்டு இன்னும் சில சொற்களை எழுதப் பார்க்கிறாள், எழுத்து கலைந்துவிடுகிறது. மிச்சத்தைத் தோழி ஜூலிதான் எழுதி முடிக்கிறாள்.